கோடு விழாத வட்டம்

அந்தத் தாளில் ஒரு வட்டம் கூடுதலாக இருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மரபணு ஆலோசனை மையத்திலிருந்து தபாலில் வந்த உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பதினாறாவது வாரம். வாந்தியெல்லாம் ஓய்ந்து, மூக்கு மட்டும் அடங்காமல், பக்கத்து வீட்டில் சோப்பைப் பிரித்தால்கூட இங்கே மணக்கிற காலம். தாளிலிருந்து வந்த பென்சில் கரி வாசனையே அவளுக்குத் தனியாகத் தெரிந்தது.

கடைசித் தாளில்தான் குடும்பப் படம். முதல் தடவை போனபோது ஆலோசகர் அம்மா இருவர் கண்ணெதிரிலேயே ஸ்கேல் வைத்து வரைந்தது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இறந்துபோனவர்கள்மேல் குறுக்கே ஒரு கோடு. நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு. தங்காமல் போன கருவுக்குச் சின்ன முக்கோணம், அதன்மேலும் கோடு. அவள் அம்மாவின் வட்டத்துக்குக் கீழே அப்படி ஒரு முக்கோணம் உண்டு. அவளுக்கு முன்னால் ஒன்று கலைந்த கதையைப் பற்றி அம்மா அவளிடம் வாய் திறந்ததே இல்லை, ஆலோசகர் போன் போட்டுக் கேட்டதும் கொட்டிவிட்டாள்.

கணவன் பக்கம் மூன்றே பேர்தான். கோடு விழுந்த கட்டம், மாமனார். வட்டம், மாமியார். அவர்களுக்குக் கீழே ஒற்றைப் பிள்ளையாக அவன்.

இப்போது அவனுக்கு இடது பக்கத்தில் ஒரு வட்டம் இருந்தது. உள்ளே அழுத்தி அழுத்திக் கறுப்பு அடித்திருந்தது. குறுக்கே கோடு இல்லை.

ஒரு பெண். நோய் உள்ளவள். உயிரோடு இருக்கிறவள்.

வேறு யாருடைய குடும்பமோ மாறி வந்துவிட்டது என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கோப்பு எண்தான். அவள் அம்மாவின் முக்கோணம்கூட அப்படியே இருந்தது.

பயப்பட ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் ரத்தத்தில் ஒரு குறை இருப்பதாக முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. அவளை அது ஒன்றும் செய்யாது. கணவனுக்கும் அதே குறை இருந்தால்தான் வில்லங்கம், அப்போது பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஐந்தாறு வயதில் காலில் ஆரம்பித்து நரம்பு ஒவ்வொன்றாகத் தளரும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். கணவனின் ரத்த முடிவு இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சுத்தம். அன்றைக்கு அவன் அவளைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றாத குறைதான்.

ஆனால் அந்த ரத்தம் கொடுத்த நாளும் கூடவே ஞாபகத்துக்கு வந்துதொலைத்தது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிட்டதாகச் சொல்லி முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள்தான் அதைப் பிய்த்தாள். அடியில் ஊசி குத்திய தடமே இல்லை. "நர்ஸுக்குக் கைராசி" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், அப்போது சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

மாடியில் என்னவோ நகர்ந்தது. இழுபட்டு, நின்று, மறுபடி இழுபட்டது.

மாடியில் குடியிருப்பது ஒரு நர்ஸ். ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம், அதனால் சத்தம் போடக் கூடாது. மாசமானபின் மாமியார் கவனிப்பில் இருக்கட்டும் என்று கணவன் அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் நாளே சொல்லப்பட்டது இது. வந்து ஒரு மாதம் ஆகிறது. நர்ஸை அவள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு கிடக்கும். இவள் காலையில் வேலைக்குப் போகும்போதும் கிடக்கும், அரை நாள் வேலை முடித்து வரும்போதும் கிடக்கும், வாரின்மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருக்கும். சத்தம் போடக் கூடாது என்கிற மாமியாரே சில மதியங்களில் திடீரென்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். கேட்டால், "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா" என்பார். ஆனால் அடுப்படியில் பால் பொங்குகிற சத்தம் வாசலில் இருந்தே அவருக்குக் கேட்கும்.

மூன்று நாளாக மாடியிலிருந்து பெயின்ட் வாசனை இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஜன்னலுக்கு அடிக்கிறாளாம். குழந்தைப் பவுடர் வாசனை முதல் நாளிலிருந்தே உண்டு.

சாயங்காலம் கணவன் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் தாளை நீட்டினாள்.

"ஏங்க, உங்க பக்கத்துல யாரு இது, புதுசா ஒருத்தி?"

அவன் வாங்கிப் பார்த்தான். சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி தாமதமானது.

"அட, எவனோ தூக்கக் கலக்கத்துல வேற யாரு வீட்டு ஆளையோ நம்ம தாள்ல வரைஞ்சு வச்சிருக்கான். எனக்கு அக்காவா? இருந்திருந்தா சின்ன வயசுல நான் வாங்கின அடியில பாதியை அவ வாங்கியிருப்பாளே!"

"நான் அக்கான்னு சொல்லலயே."

"என்னது?"

"ஒருத்தின்னுதான் சொன்னேன். தங்கச்சியா இருக்கக் கூடாதா?"

அவன் அவள் காதைச் செல்லமாகத் திருகினான். "ஏ காது, வீட்டுக்கு வந்தும் உன் வேலையை ஆரம்பிச்சுட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். அவளுக்கு வேலை ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்பது. எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, பேசுகிறவன் சமையலறையில் நிற்கிறானா, படியில் நிற்கிறானா என்பதுவரை சொல்லிவிடுவாள். அதனால்தான் வீட்டில் அவளுக்குக் 'காது' என்று பெயர்.

மாமியார் டீ டம்ளரோடு வந்து நின்றிருந்தார். டீ நடுங்கவில்லை, முகமும் மாறவில்லை. "அந்தத் தாளை இங்க குடும்மா. கண்ட இடத்துல கிடந்தா ஈரம் பட்டுடும். நான் பத்திரமா வைக்கிறேன்" என்றார்.

"இருக்கட்டும் அத்தை, என் பையிலயே இருக்கட்டும்."

கை கழுவிவிட்டு வந்தவனின் நகக் கண்ணில் வெள்ளையாக என்னவோ இருந்தது. பெயின்ட்.

மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக ஆலோசனை மையத்துக்குப் போனாள். முறை வர மதியம் தாண்டிவிட்டது. ஆலோசகர் அம்மா கொண்டையில் பென்சிலைச் செருகியபடி தாளை வாங்கிப் பார்த்தார். தப்பாக வரைந்துவிட்டதாக அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று எவ்வளவோ எதிர்பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு. உங்க நாத்தனாரே சொன்னாங்களே."

"எனக்கு நாத்தனாரே கிடையாது மேடம்."

ஆலோசகர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து உட்கார வச்சுக் கேட்டா எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்வாங்க. அதனால ரெண்டு வீட்டுக்கும் நான் தனித்தனியா போன் போட்டுக் கேட்பேன். உங்க அம்மாவுக்குப் போட்ட மாதிரி உங்க மாமியார் வீட்டுக்கும் போட்டேன். நம்பர் நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

படிவத்தில் வீட்டு எண் என்று ஓர் இடம் இருந்தது. கணவன் தன் செல்போன் எண்ணை எழுதியிருந்தான். இவள்தான், எதையும் காலியாக விடப் பிடிக்காத புத்தி, கூடத்துப் பழைய போனில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அதன் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"எப்ப பேசினீங்க மேடம்?"

"போன செவ்வாய். காலைல பதினொரு மணி."

போன செவ்வாய் பதினொரு மணிக்கு அவள் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் மேசைமேல் படுத்திருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். கணவன் அலுவலகத்தில். வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

"யார் எடுத்தாங்க?"

அந்த உரையாடல்களை எல்லாம் பதிவு செய்து வைப்பார்கள். ஆலோசகர் கணினியைத் தட்டி, காதுக் கருவியை அவளிடம் நீட்டினார். எட்டு வருடமாகத் தினமும் மாட்டுகிற சாமான்தான். அன்றைக்கு அதை மாட்டக் கை வரவில்லை.

மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஒரு 'டொக்'. யாரோ பொத்தானை அமுக்குகிற சத்தம்.

"வணக்கம்ங்க, வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" இது ஆலோசகர்.

மூச்சு. மறுபடி மூச்சு. பிறகு ஒரு பெண் குரல், தெளிவான குரல், வார்த்தைக்கு வார்த்தை ஓய்வெடுத்துக்கொண்டு வந்தது.

"நான் இருக்கேன்."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"அக்கா."

ஆலோசகர் உடம்பைப் பற்றிக் கேட்டார்.

"ஆறு வயசுல கால் போச்சு. பன்னெண்டுல கை. இப்ப ரெண்டு விரல் அசையும். பேச்சு இருக்கு. புத்தி இருக்கு. அதையும் எழுதிக்கோங்க."

"எழுதிக்கிட்டேன்ங்க."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"எந்தப் பொண்ணு?"

"தம்பி பொண்டாட்டி. கீழ நடக்குற சத்தம் கேட்கும். பாவம், மெதுவா நடப்பா. நான் தூங்குறேன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

குரலுக்குப் பின்னால், கீழே, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. எண்ணினாள். பத்து அடித்தது, ஒரு மூச்சு நின்றது, பதினொன்றாவதைப் போனால் போகிறது என்று அடித்தது. மாமியார் வீட்டுக் கூடத்துக் கடிகாரம். மாமனார் காலத்திலிருந்தே அதற்கு அந்தக் கோளாறு. குரல் வந்தது அந்தக் கூடத்துக்கு மேலே இருந்து.

பதிவு முடியவில்லை. ஒரு கதவு திறந்தது. ஓர் ஆண் குரல், பக்கத்தில், பிரியமாகக் கேட்டது.

"யாருக்கா போன்ல?"

"தப்பு நம்பர்டா."

டொக்.

அந்தக் குரல்தான் தினமும் அவளைக் 'காது' என்று கூப்பிடுகிற குரல். காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இத்தனை நல்ல காதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அவன் சுற்றிய பூவையெல்லாம் அதே காதில் சூடிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நினைக்க நினைக்க அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது.

"அக்காவுக்கு நோய்னா அவருக்கும் அந்தக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். முடிவு சுத்தம்னு வந்திருக்கு, அப்படியும் வரலாம்தான்" என்றார் ஆலோசகர். "ஆனா அந்த ரத்தம் வெளியே எடுத்து அனுப்பினது. யாரு கையிலேர்ந்து எடுத்தாங்கன்னு நான் பார்க்கல."

ஒட்டிய பஞ்சும், தடமே இல்லாத தோலும் கண்முன் வந்தன.

"அவர் ரத்தம் இல்ல மேடம் அது" என்றாள்.

"அப்ப நாளைக்குக் காலைல அவரைக் கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி எடுக்கலாம். வரமாட்டேன்னா நீங்க மட்டும் வாங்க. வயித்துல இருக்குற தண்ணியை ஊசியால கொஞ்சம் எடுத்துப் பார்த்தா நேராவே தெரிஞ்சிரும். ஆனா முதல் நாளே உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்ன மாதிரி பதினெட்டு வாரத்துக்குள்ள எடுக்கணும், இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அதுக்கப்புறம் எடுத்தா ரிசல்ட் வர்றதுக்குள்ள கலைக்கிறதுக்கான கெடு முடிஞ்சிரும், தெரிஞ்சாலும் உங்க கையில எந்த முடிவும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "எந்த முடிவு எடுக்குறதுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்கிறது உங்க உரிமை, அவ்வளவுதான்" என்றார்.

நேராக அம்மாவிடம் போயிருக்கலாம். தோழி வீட்டில் இறங்கியிருக்கலாம். அந்த ஆலோசகர் அறை நாற்காலியிலேயே காலைவரை உட்கார்ந்திருந்தாலும் யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கப் போவதில்லை. ஆனால் கோபம் யாரை அப்படி யோசிக்க விடுகிறது? அவன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், அவன் திணறுவதைப் பார்க்க வேண்டும். அந்த ஒரே வேகத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை. வாசல் கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. பின்பக்கம் மாமியார் கொடியிலிருந்து துணியை உருவுகிற சத்தம், ஈரத் துணி காற்றில் படபடக்கிற சத்தம். மாடிப்படிக்கு அடியில் வெள்ளைச் செருப்பு. குனிந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. ஒரு நாளும் யார் காலும் நுழையாத செருப்பு.

கூடத்து மூலையில் பழைய போன். ஒரே இணைப்பு, இரண்டு போன் என்று அவள் மனது கணக்குப் போட்டிருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். வழக்கமான ரீங்காரம் வரவில்லை. திறந்துகிடந்த லைனில் ஓர் அறையின் சத்தம் வந்தது. சின்ன அறை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. சுவரில் பஞ்சோ துணியோ அடித்திருக்கிறார்கள். நடுவில் மூச்சு.

"வந்துட்டியா?" என்றது குரல். "நீ கதவைத் திறந்தா எனக்குக் கேட்கும். போன் பொத்தானை அமுக்கிப் பார்ப்பேன். நீ எடுத்ததே இல்ல."

"அண்ணி..." அவளுக்கு அந்த வார்த்தை தானாக வந்தது. "அண்ணி, நான் மேல வரேன்."

"வராதே."

"ஏன்?"

"போன்ல கேட்ட அந்த அம்மா உன்கிட்ட சொல்லிட்டாங்கல்ல? போதும். கிளம்பு. யாரு கூப்பிட்டாலும் மேல மட்டும் வராதே."

"உங்களை எத்தனை வருஷமா..."

"மூணு நாளா பெயின்ட் அடிக்கிறாங்க" என்றது குரல். "எனக்கு இல்ல."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாமியார் மடிக்காத துணிக் குவியலை மார்போடு அணைத்தபடி பின்வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. துணியைச் சோபாவில் போட்டுவிட்டு, வாசல் கதவுக்குப் போய் மேல் தாழ்ப்பாளைப் போட்டார்.

"மழை வருதும்மா. சாரல் அடிக்கும்."

பிறகு மாடிப்படி ஏறிப் போனார். பதறாமல், ஒவ்வொரு படியாக, முப்பத்தைந்து வருடம் ஏறிய கால்கள் ஏறுவதுபோல். மேலே எதையோ பிடுங்குகிற சத்தம் கேட்டது.

இவள் வாசலுக்கு ஓடி, எக்கித் தாழ்ப்பாளை இழுத்தாள். இறங்கிவிட்டது. கதவையும் திறந்துவிட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கணவன் நின்றிருந்தான். முழுக்க நனைந்திருந்தான், கையில் குடை விரிக்காமல் தொங்கியது. அவள் கண்ணைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்த கேள்விகள் எங்கே போயின என்று தெரியவில்லை. "ஏன்?" என்ற ஒன்றுதான் வந்தது.

அவன் திணறவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்து அழுதான். நிஜமான அழுகை, மூக்கு ஒழுகுகிற அழுகை.

"தப்புதான். எல்லாம் தப்புதான். ரத்தம்கூட ஆபீஸ் பையன்கிட்ட எடுத்ததுதான். சொல்லியிருந்தா யாரு எனக்குப் பொண்ணு குடுத்திருப்பா? நீ வந்திருப்பியா?"

"அது என் முடிவுங்க. அதை ஏன் என்கிட்டேர்ந்து எடுத்தீங்க?"

"உன்ன மாதிரி அம்மாவும் அன்னைக்கு ஒரு சோதனை பண்ணியிருந்தா அக்கா இருந்திருப்பாளா? சொல்லு. அக்கா இல்லாத வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல."

"நான் எதையும் கலைக்கப் போறேன்னு சொல்லல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். மேடத்தைப் பார்த்துட்டுத்தான் வரேன், நாளைக்குக் காலைல அவங்க முன்னாடி நீங்க ரத்தம் குடுக்கணும்."

அவன் தலையாட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி. நாளைக்குக் காலைல வரேன். ரத்தம் குடுக்கறேன். இனிமே மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல." கையை நீட்டினான். "வா, அக்காவைப் பாரு. ரெண்டு வருஷமா அவளுக்கு உன்னைப் பத்தித்தான் பேச்சு."

வராதே என்று குரல் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் அவன் கண் சிவந்திருந்தது, உதடு நடுங்கியது, காலையில் வருகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். மாடியில் ஒரு பெண் பகலும் ராத்திரியும் இவள் காலடியைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒரு தரம் போய் முகத்தைப் பார்க்காவிட்டால் இவளெல்லாம் ஒரு மனுஷியா?

அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். படி ஏற முடியாதவர்களைப் பிடித்துப் பழகிய பிடி. படிக்குப் படி பவுடர் வாசனை கூடியது. டெட்டால் வாசனை. பெயின்ட் வாசனை. மேல்படியில் மாமியார் ஒதுங்கி நின்று வழி விட்டார். கையில் போன் வயர் சுருட்டியிருந்தது.

கதவு கனமானது. உள்பக்கம் முழுக்கப் பழைய மெத்தை அடித்திருந்தது.

உள்ளே மஞ்சள் பல்பு. சுத்தமான அறை. உயரமான கட்டில், பக்கங்களில் கம்பி. வெள்ளை விரிப்பில் ஒரு பெண், மெலிந்து, நேராகப் படுத்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. முகத்தில் பவுடர். அவன் ஜாடை அப்படியே.

அவள் இவளைப் பார்த்தாள். வரவேற்கிற முகம் இல்லை அது. மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

இன்னொரு கட்டில். அதே மாதிரி. அதே கம்பிகள். சின்னது. வெள்ளைப் பெயின்ட் இன்னும் காயவில்லை. தலைமாட்டில் ஒரு மணி. மணியில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு வளையம், இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு.

முழங்கையில் பிடி இல்லை.

திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. சத்தமே வரவில்லை. சாவி மட்டும் கேட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"ஏங்க?"

கையைப் பார்த்தாள். பை இல்லை. படியில் அவன்தான் வாங்கிக்கொண்டான், கனமாக இருக்குமே என்று. போன் அதில்தான் இருந்தது.

"ஏங்க! கதவைத் திறங்க!"

"ரெண்டே வாரம்" என்றான் வெளியிலிருந்து. "வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். அப்புறம் எல்லாம் சரியாயிடும். உங்க அம்மாகிட்ட நீ ரெஸ்ட்ல இருக்கேன்னு சொல்லிடறேன்."

"பயப்படாதம்மா" என்றார் மாமியார். அன்பான குரல். "இவளை முப்பத்தஞ்சு வருஷம் பார்த்துக்கிட்டேன், ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. பிறக்கட்டும். எப்படிப் பிறந்தாலும் எங்களுக்குப் பழக்கம்தான்."

கதவில் காதை வைத்தாள். மெத்தை வழியாகவும் அவளுக்குக் கேட்டது. அந்தக் காது. அவன் யாருக்கோ போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். குரல் உடைந்திருந்தது. அழுதுகொண்டே பேசினான்.

"ஆமா மேடம்... மதியம் உங்ககிட்டேர்ந்து வந்தா... வந்ததும் வயித்து வலின்னா... இல்ல மேடம். தங்கல. கலைஞ்சிருச்சு... இல்ல, இப்ப பேசுற நிலைமையில இல்ல... சரிங்க மேடம்."

எங்கோ ஒரு மேசையில், கொண்டையிலிருந்து ஒரு பென்சில் இறங்கியிருக்கும். அவள் பெயருக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம். குறுக்கே ஒரு கோடு. கோப்பு மூடியிருக்கும்.

கத்தினாள். கதவை அடித்தாள். அடி மெத்தையில் விழுந்து செத்தது. மறுபடி கத்தினாள்.

கீழே ரேடியோ பாட ஆரம்பித்தது.

இன்னும் கத்தினாள். ரேடியோ ஏறியது.

"கத்தாதே" என்றாள் கட்டிலில் இருந்தவள், கண்ணைத் திறக்காமல். "நீ கத்தக் கத்த அதுவும் ஏறும். குழந்தை பயந்துக்கும்."

இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தாள். பெயின்ட் ஈரம் புடவையில் ஒட்டியது. மஞ்சள் வெளிச்சத்தில் பெரிய கட்டிலின் விளிம்பு கண்ணுக்கு நேராக இருந்தது. அங்கே வெள்ளை விரிப்பின்மேல் இரண்டு விரல்கள் மட்டும் அசைந்தன. மெல்ல, மிக மெல்ல, சுருக்கத்தை நீவி நீவி, பக்கத்தில் இடம் சரிசெய்துகொண்டிருந்தன.